ஆயிரத்துக்கு ஒரு காலாள்

அட்வான்ஸ் வார்ஸ் விளையாட்டில் ஒரு காலாட்படைப் பிரிவின் விலை 1,000. நம் வசமிருக்கும் நகரம் ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குத் தருகிற வருமானமும் 1,000. ஒரு நகரத்தின் ஒரு நாள் வரும்படியில் ஒரு காலாளை வாங்கிவிடலாம். டாங்கிக்கு 7,000, குண்டுவீச்சு விமானத்துக்கு 22,000, போர்க்கப்பலுக்கு 28,000 என்று விலைப்பட்டியல் ஏறிக்கொண்டே போகும். காலாள்தான் ஆக மலிவு. 2021 மார்ச்சில் இலங்கையில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் வர்த்தமானியில் 1,000 ரூபாய் என்று வந்தது. வருடக்கணக்கில் கேட்டு, ஊர்வலம் போய், தேர்தல் மேடைகளில் வாக்குறுதியாகக் கேட்டுச் சலித்து, கடைசியில் கம்பனிகள் நீதிமன்றத்துக்கும் போன தொகை அது. இரண்டு ஆயிரங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஜப்பானில் உட்கார்ந்து இந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு ஹட்டனும் தெரியாது, தலவாக்கலையும் தெரியாது. முழு எண் என்பதால் அவர்கள் ஆயிரத்தை வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னத் திரையில் காலாளை வாங்கும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம், ஒரு நாளைக்கு ஆயிரம் என்று விலை பேசப்பட்ட சிலரை எங்கேயோ அனுப்புகிறேன் என்ற உறுத்தல் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை எழுப்பி அனுப்பவும் முடியவில்லை, அதற்காக விளையாட்டை நிறுத்தவும் மனம் வரவில்லை.

விளையாட்டு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அது அவ்வளவு ருசியான விளையாட்டு. கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கப் பெட்டிக்காக நின்டெண்டோவும் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸும் செய்தது. சதுரங்கம் மாதிரி கட்டம் கட்டமான நிலம், நான் நகர்த்தி முடித்த பிறகு எதிரி நகர்த்துவான், அவசரம் கிடையாது. சட்டியில் தண்ணீர் கொதிக்கும்வரை யோசிக்கலாம், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தும் யோசிக்கலாம். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன சித்தி, அங்கே பிள்ளைகள் ஒதுக்கிப் போட்டதைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்த பெட்டி என்னுடையது. அதற்குச் சொந்த வெளிச்சம் இல்லை. லயத்துக் காம்பராவின் ஒற்றை பல்புக்குக் கீழே ஒரு சாய்வில் பிடித்தால்தான் டாங்கிகள் தெரியும். கொஞ்சம் திருப்பினால் திரையில் என் முகம். பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாதபடியால், பீரங்கிச் சத்தத்தை ஆகக் குறைத்து வைத்துத்தான் யுத்தம் செய்ய வேண்டும். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் என்று போன காலத்தில், டோர்ச்சைத் தோளில் இடுக்கிக்கொண்டு விளையாடியிருக்கிறேன். பட்டரி விலை ஏறியிருந்தது. டோர்ச்சுக்குப் போடுவதா, பெட்டிக்குப் போடுவதா என்பதும் ஒரு வியூகம்தான். வெளியே டீசல் வரிசை, காஸ் வரிசை, உரமில்லாமல் மெலிந்துபோன கொழுந்து. உள்ளே என் படைகள் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன.

குறைகள் நிறைய. எதிரியாக நிற்கும் கணினிக்கு நிதானம் கிடையாது. படையேற்றிச் செல்லும் வண்டி ஒன்றை வெறுமையாக முன்னால் நிறுத்தினால், பக்கத்தில் பீரங்கி வாயைத் திறந்துகொண்டு நிற்பதைக்கூடப் பார்க்காமல் அதன்மேல் பாய்ந்து வந்து விழும். ஒருமுறை பிடிபட்ட பொறியில் மறுமுறையும் விழும். இந்த முட்டாள்தனம் இல்லாவிட்டால் நான் இந்த விளையாட்டை இவ்வளவு விரும்பியிருப்பேனா என்று தெரியவில்லை. புத்திசாலியான எதிரியிடம் தோற்பதற்கு யாரும் வேலை முடிந்த களைப்போடு பெட்டியைத் திறப்பதில்லை. ஒரு குறையை நினைத்துத்தான் தனியாகச் சிரிப்பு வரும். மூடுபனி விழுகிற களங்கள் இந்த விளையாட்டில் உண்டு. எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரியாது. அப்போது காலாளை மலை உச்சிக்கு ஏற்றினால் பார்வை மூன்று கட்டம் கூடுகிறது. மலையில் ஏறினால் அதிகம் தெரியும் என்று எழுதியவர் நானுஓயாவிலோ அம்பேவெலவிலோ பிற்பகலில் நின்றவராக இருக்க முடியாது. இங்கே மேலே ஏற ஏறத் தெரிவது குறையும். கொழுந்தெடுக்கும் பெண்கள் பனிக்குள் ஒருவரையொருவர் குரலால்தான் தெரிந்துகொள்வார்கள். அடுத்த நிரையில் நிற்பது மச்சாளா, குளவிக்கூடா என்பது கிட்டப்போன பிறகே தெரியும். மலையிலிருந்து தூரத்தைப் பார்த்தவர்கள் யார் என்று யோசித்தால் துரை பங்களாதான் நினைவுக்கு வருகிறது. அது எப்போதும் டிவிசன் முழுவதும் தெரிகிற இடத்தில் இருக்கும்.

இந்த விளையாட்டு எனக்கு உடனே பிடிபட்டதற்கும் மேலிருந்து பார்க்கும் அந்தப் பார்வையே காரணமோ என்று சந்தேகம் வருகிறது. தோட்டம் என்பதே மேலிருந்து பார்த்துப் போடப்பட்ட கட்டங்கள். நம்பர் போட்ட மலைகள், எட்டாம் நம்பரில் கவ்வாத்து, பன்னிரண்டாம் நம்பரில் கொழுந்து. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணி, இத்தனை பேர் இந்த மலைக்கு, இத்தனை பேர் அந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். விளையாட்டில் நான் ஒவ்வொரு நாளும் செய்வதும் அதுதான். அங்கே ஒரு பிரிவின் முழு உயிர் 10. நகரத்தைப் பிடிக்க 20 புள்ளி வேண்டும். முழு உயிருள்ள காலாள் இரண்டு நாளில் பிடித்துவிடுவான், உயிர் 5 ஆகிவிட்டால் நான்கு நாள் பிடிக்கும். ஆளின் உடம்பு வேலையின் அளவாக மாறி ஒரு சின்ன இலக்கமாக அவன் காலடியில் தொங்கிக்கொண்டிருக்கும். கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிற கணக்கைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விளையாட்டில் ஒரு வசதி கூடுதலாக உண்டு. அடிபட்ட இரண்டு பிரிவுகளை ஒரே கட்டத்தில் சேர்த்தால் முழுப் பிரிவு ஒன்று கிடைக்கும். தோட்டத்தில் இரண்டு அரைப்பேர் சேர்ந்து ஒரு முழுப்பேர் ஆவதில்லை. இரண்டு வீட்டில் இரண்டு பாதியாகவே இருக்கும். பெரட்டில் நின்றவர்களின் பிள்ளையான நான், பெட்டியைக் கையில் எடுத்ததும் பங்களாவின் இடத்தில் போய் நிற்கிறேன். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது எல்லாம் அழகாகவும் ஒழுங்காகவும் இருக்கிறது. எனக்குக் கிடைக்கும் சந்தோஷத்தில் எவ்வளவு வியூகத்தினால் வருவது, எவ்வளவு இந்த இடமாற்றத்தினால் வருவது என்று பிரித்துப் பார்க்கத் துணிச்சல் போதவில்லை.

இந்த விளையாட்டின் சரித்திரத்திலேயே ஒரு கூச்சம் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் இது கடைக்கு வந்தது 2001 செப்டம்பர் 10. மறுநாள் நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்தன. ஜப்பானில் அதன் வெளியீடு தள்ளிப்போய், 2004இல் இரண்டாம் பாகத்தோடு சேர்த்துத்தான் வந்தது. பிறகு ஸ்விட்ச் பெட்டிக்காகப் புதிதாக வரைந்து 2022 ஏப்ரலில் வெளியிட இருந்தார்கள். உக்ரைனுக்குள் ரஷ்யப் படைகள் நுழைந்ததும் மீண்டும் தள்ளிவைத்து 2023 ஏப்ரலில்தான் விட்டார்கள். உண்மையான யுத்தம் செய்தியில் வரும்போதெல்லாம் இந்தப் பொம்மை யுத்தம் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்கிறது. அது நல்ல பண்பாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கூச்சத்துக்கும் ஒரு வரைபடம் இருக்கிறது. 2001இல் எங்கள் தீவில் யுத்தம் தொடங்கிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அதற்காக எந்த விளையாட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. தள்ளிப்போயிருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. எந்தச் சாவு ஒரு பொம்மையைக் கூச வைக்கும், எது வைக்காது என்பது எங்கே முடிவாகிறது என்றுதான் யோசிக்கிறேன்.

மலையகத்தில் நடந்த யுத்தத்தை இந்த விளையாட்டின் எந்தப் படத்தாலும் காட்ட முடியாது. இங்கே போர்முனை இருக்கவில்லை. யுத்தம் அடையாள அட்டையாக வந்தது, பொலிஸ் பதிவாக வந்தது, கொழும்பில் கடையில் நின்ற பொடியன் சுற்றிவளைப்பில் பிடிபட்டான் என்ற செய்தியாக வந்தது. 2000 அக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 25 பேருக்கு மேல் வெளியிலிருந்து வந்த கூட்டத்தால் கொல்லப்பட்டார்கள். பொலிஸ் காவல் இருந்தது. வழக்கு நடந்து, கடைசியாகத் தண்டனை பெற்றிருந்தவர்களையும் 2005இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. விளையாட்டில் கைதி என்று யாரும் கிடையாது. உயிர் தீர்ந்த பிரிவு ஒரு சின்ன வெடிப்போடு கட்டத்தை விட்டு மறைந்துவிடும். சரணடைந்தவனை எங்கே வைப்பது, யார் காவல் நிற்பது, அந்தக் காவலை யார் நம்புவது என்ற தொல்லையெல்லாம் இல்லை. நகரங்களைப் பிடிக்கலாம், பிடித்ததும் கூரைகள் நம் நிறத்துக்கு மாறும். உள்ளே யாரும் இல்லை. யன்னல்கள் இருக்கின்றன, எட்டிப் பார்க்கும் ஒரு முகம் இல்லை. ஆளில்லாத நகரம் தினமும் ஆயிரம் சம்பாதித்துத் தருகிறது. சம்பாதிப்பது யார் என்று அந்தத் திரை சொல்வதில்லை.

மனிதர் இல்லாத வரைபடங்களை விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று குற்றம் சொல்ல முடியாது. அவை முன்பே இருந்தன. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் 1944 ஏப்ரலில் தில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். பர்மா யுத்தத்தின் வரைபடம் கண்டிக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. அந்த வரைபடத்தின் இன்னொரு ஓரத்தில், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கில் ஏற்கெனவே செத்திருந்தார்கள். பேராதனையிலிருந்து அதிக தூரமில்லாத முல்லோயாத் தோட்டத்தில், ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கி நாலு மாதம் கடந்தபோது, 1940 ஜனவரியில், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தார். எந்தப் படைத் தலைமையகத்தின் வரைபடத்திலும் முல்லோயா ஒரு கட்டம் அல்ல. பிறகு 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் சனத்தைப் பற்றிப் போட்ட ஒப்பந்தம் வந்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வோம். 1974இல் அந்த மிச்சத்தையும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை, யுத்தம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. இரண்டு பேர் ஒரு பலகையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து காய்களைப் பங்கு போட்டதுதான் நடந்தது. தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்குச் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தது. அண்ணன் ஒரு எண்ணிக்கையிலும் தங்கச்சி இன்னொரு எண்ணிக்கையிலும் விழுந்த வீடுகள் இங்கே எத்தனையோ உண்டு. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவற்றின் மறுபாதிகள் உண்டு.

விளையாட்டில் நான் அடிக்கடி செய்கிற ஒரு நகர்வு இருக்கிறது. இதைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் சுற்றி வருகிறேன். விலை கூடிய பீரங்கியைக் காப்பாற்ற, அதன் முன்னால் ஒரு காலாளை நிறுத்துவது. எதிரியின் டாங்கி வந்து காலாளை அடிக்கும், பாதை அடைபட்டுவிடும், அடுத்த முறை என் பீரங்கி டாங்கியை உடைக்கும். ஆயிரம் போனது, ஏழாயிரம் வந்தது. நல்ல வியாபாரம். விளையாட்டைத் தெரிந்த எல்லோரும் செய்வதுதான். அந்தக் காலாளை அங்கே நிறுத்துவது சண்டை போடுவதற்காக அல்ல, இடத்தை அடைப்பதற்காக. இதைச் செய்யும்போது எனக்கு மணலாறு நினைவு வருகிறது. 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடிய குடும்பங்களில் ஒரு பகுதியினர், காந்தியம் அமைப்பின் உதவியோடு அங்கே கென்ட் பண்ணை, டொலர் பண்ணை என்ற இடங்களில் குடியேறினார்கள். அடிபட்டு ஓடியவர்களுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தது என்பதுதான் அவர்களுக்கு அதன் அர்த்தம். வரைபடம் பார்த்தவர்களுக்கு அது வடக்கும் கிழக்கும் ஒட்டுகிற இடம். 1984இல் அந்தக் குடும்பங்களை வெளியேற்றி, சிங்களக் கைதிகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் அரசு அங்கே இருத்தியது. அந்த வருடம் நவம்பர் 30 அன்று புலிகள் அங்கே புகுந்து அவர்களைக் கொன்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். ஒரே கட்டத்தில் ஏழைகளை எடுத்துவிட்டு வேறு ஏழைகளை வைத்தார்கள், பிறகு அவர்களும் துடைக்கப்பட்டார்கள். இது போர்முனை என்று ஒருவரிடமும் சொல்லி அழைத்து வரவில்லை. காணி என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள். வன்னியின் மற்ற இடங்களில் தங்கிய மலையகக் குடும்பங்கள் பல, 2009இல் முள்ளிவாய்க்கால்வரை நடந்தன. ஆக மலிவானவரை ஆக முன்னால் நிறுத்துவது என்ற வியூகத்தை யாரும் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து கற்கவில்லை. பெட்டி அதைச் சுத்தம் செய்து, வண்ணம் பூசி, இசை சேர்த்து எனக்குத் திருப்பித் தருகிறது. நானும் ரசிக்கிறேன்.

ஒரு விளையாட்டிடம் இவ்வளவு கேட்பது நியாயமா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. சதுரங்கத்திலும் ஊர் இல்லை, சனம் இல்லை. அங்கேயும் காலாள்தான் முன்வரிசை. அதற்காக யாரும் சதுரங்கப் பலகையைத் தூக்கி எறியவில்லை. விளையாட்டு என்றால் எதையாவது விட்டுவிடத்தான் வேண்டும். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் அது வாழ்க்கையாகிவிடும், அதை யாரும் ஓய்வு நேரத்தில் செய்ய மாட்டார்கள். இந்தப் பதில் எனக்குப் பாதிதான் போதுமாக இருக்கிறது. மற்றப் பாதிக்கு ஆடுபுலி ஆட்டம் குறுக்கே வருகிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளுக்குப் பல் இல்லை, தாண்டிக் குதிக்கும் உரிமை இல்லை, வெட்டும் உரிமை இல்லை. ஆனாலும் முறை உண்டு. ஒரு ஆடு வைத்து, அடுத்த ஆடு பக்கத்தில் வைத்து, இடம் விடாமல் நெருங்கி நின்று புலியை அசையவிடாமல் செய்யலாம். அடிபடுகிறவர்கள் பக்கமிருந்தும் வியூகம் போடலாம் என்பதைக் கோயில் திண்ணையில் கரிக்கோடு கிழித்து விளையாடியவர்கள் அறிந்திருந்தார்கள். அதுவும் எளிமையான விளையாட்டுத்தான். அதிலும் வீடு வாசல் இல்லை. ஆனால் ஆட்டின் பக்கம் உட்காருவதற்கு ஒரு இடம் இருக்கிறது. விட்டுவிடுவது என்று முடிவு செய்யும்போது யாரை விடுகிறோம் என்பதில் விளையாட்டுகள் ஒன்றுக்கொன்று வேறுபடத்தான் செய்கின்றன.

போலந்தில் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் செய்த திஸ் வோர் ஒஃப் மைன் விளையாட்டில் படைத்தலைவரே கிடையாது. சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தது. இடிந்த வீடொன்றில் மாட்டிக்கொண்ட சில சாதாரண ஆட்கள். பகலில் கதவுக்குப் பலகை அடிக்க வேண்டும், இரவில் சாப்பாடும் மருந்தும் தேடிப் போக வேண்டும். திருடினால் உயிர் தப்பலாம், ஆனால் திருடியவன் மனம் உடைந்து வேலைக்கு எழும்பாமல் போகலாம். 2020இல் போலந்து அரசு அதைப் பள்ளிக்கூட வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. அதை விளையாடும்போது அட்வான்ஸ் வார்ஸின் ருசி எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு இரவு விளையாடினால் அடுத்த இரவு அதைத் தொட மனம் வராது. அட்வான்ஸ் வார்ஸோ இன்னும் என் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை. கட்டத்துக்குள் இருப்பவர்களை வைத்தும் விளையாட்டுச் செய்யலாம் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் சரித்திரத்தில் அப்படியொரு விளையாட்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. கையில் ஒரு பிறப்புச் சான்றிதழ், இல்லாவிட்டால் அதற்கான துண்டு. இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று ஒரு விண்ணப்பம். வயதான தாயை எந்தப் பட்டியலில் எழுதுவது. கலவரம் வந்தால் தேயிலைக்குள் ஒளிவதா, ஸ்டோருக்குள் ஓடுவதா. வவுனியாவில் காணி இருக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால் நம்புவதா. ஒவ்வொன்றும் ஒரு முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. கணினி படித்துவிட்டுக் கொழும்பில் அந்நியக் கம்பனிகளுக்கு நிரல் எழுதும் தம்பி தங்கச்சிகளில் ஹட்டனிலும் கொட்டகலையிலும் மஸ்கெலியாவிலும் இருந்து போனவர்கள் நிறையப் பேர். உங்களில் யாராவது இதைச் செய்யுங்கள். படம் கரடுமுரடாக இருந்தால் பரவாயில்லை. எதிரி முட்டாளாக இருந்தாலும் பரவாயில்லை, விதிகளில் ஓட்டை இருந்தாலும் பொறுத்துக்கொள்வோம். குறையுள்ள விளையாட்டையும் ஆசையோடு விளையாட எங்களுக்குத் தெரியும். மலையில் ஏறினால் தூரம் தெரியும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். லயத்துக்குள் இருப்பவருக்கும் ஒரு முறை கொடுங்கள்.